முதலில் சொன்னவர் நட்டப்படக் கூடாது

(பயிர்நோய்களின் பொருளாதாரம் பற்றித் திருகோணமலையில் கமக்காரர், வணிகர், மாணவர் முன்னிலையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் தை மாதத்தில் பெரும்போக வேளாண்மை கதிர் தள்ளி நிற்கும். மாரி மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கிற காலம் அது. இரவில் குளிர், விடியலில் பனி, பகலிலும் சில நாள் மூடிய வானம். எரிபந்தம் என்று இங்கும் குலைநோய் என்று தமிழ்நாட்டிலும் சொல்லப்படும் பூஞ்சை நோய்க்கு இதைவிட வாய்ப்பான பருவம் கிடையாது.

முதலில் அது இலையில் தெரியும். இரு முனையும் கூர்ந்த, கண் போன்ற புள்ளி. நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் கபிலம். யூரியாவை அளவுக்கு மேல் போட்ட வயலில் இலை தழைத்து இளசாக இருப்பதால் புள்ளிகள் விரைவில் பெருகும். கதிர் வெளிவந்தபின் அதே பூஞ்சை கதிரின் கழுத்தைப் பிடித்தால் அந்தக் கணு கறுத்துப் போகும். கறுத்த இடத்துக்கு மேலே சத்து ஏறாது. நல்ல கதிர் பால் கட்டி, மணி முற்றி, பாரத்தால் தலை சாயும். நோய்பட்ட கதிர் வெளுத்து நிமிர்ந்தே நிற்கும். வீதியில் போகிறவருக்கு அது விளைந்த வயலாகத்தான் தோன்றும். வரம்பில் இறங்கி ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அத்தனையும் பதர்.

இந்த நோயின் கொடுமை அது வருகிற நேரத்தில் இருக்கிறது. உழவுக்கூலி, விதைநெல், பசளை, களைநாசினி என்று செய்ய வேண்டிய செலவெல்லாம் செய்து முடித்தபின், வரவு வரவேண்டிய வேளையில் அது கழுத்தைப் பிடிக்கிறது. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் 40 மூட்டை எதிர்பார்த்த ஒருவர், அதில் 25 மூட்டை நெல்லின் விலைக்குச் சமமான பணத்தைச் செலவழித்திருக்கிறார். நோய் இல்லாவிட்டால் 15 மூட்டை அவருக்கு மிச்சம். விளைச்சல் பாதியானால் அவர் வீட்டுக்கு வருவது 20 மூட்டை, கடன் 25 மூட்டை. பாதி விளைச்சல் என்றால் பாதி வருமானம் என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். கமக்காரருக்கு அது மொத்த வருமானமும் போய், மேலும் 5 மூட்டைக் கடன். அறுவடை இயந்திரத்துக்கான கூலியும் ஏக்கர்க் கணக்கில்தான். மணி நிறைந்த வயலுக்கும் பதர் நின்ற வயலுக்கும் ஒரே கூலி.

அந்த 5 மூட்டைக் கடன் வயலோடு நிற்பதில்லை. பசளைக் கடைக்காரருக்குப் பணம் திரும்பாது. அவர் மொத்த வியாபாரியிடம் கடன்படுவார். அடகு வைத்த நகை மீளாமல் வட்டி ஏறும். நெல் ஆலைக்கு வரும் மூட்டை குறையும். மூட்டை தூக்குகிறவருக்கு வேலை நாட்கள் குறையும். வைக்கோல் தரம் கெட்டால் மாடு வளர்ப்பவருக்கும் இடி. அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்க விதைநெல் இல்லாதவர் அதையும் கடனாகவே வாங்குவார். ஒரு போகத்து நோய் இரண்டு மூன்று போகங்களின் கடனாக நீளுவது இப்படித்தான்.

இங்கே சந்தையும் கமக்காரருக்குக் கைகொடுப்பதில்லை. ஒரு வட்டையில் மட்டும் நோய் விழுந்தால் நாட்டின் மற்ற இடங்களில் விளைந்த நெல் சந்தையை நிரப்பிவிடும், விலை ஏறாது. குறைந்த நெல்லைக் குறைந்த விலைக்கே அவர் விற்க வேண்டும். நாடு முழுக்க நோய் பரவினால் விலை ஏறும். ஆனால் அப்போது விற்க அவரிடம் நெல் இருக்காது. சில மாதம் கழித்து அவரே ஏறிய விலைக்கு அரிசி வாங்குவார். விலையேற்றத்தின் லாபம், நெல்லைக் களஞ்சியத்தில் அடுக்கிவைக்க வசதி உள்ளவருக்குப் போகும்.

உலக அளவில் இந்த இழப்பின் பருமனை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. பூச்சிகளாலும் நோய்களாலும் உலகப் பயிர் விளைச்சலில் ஆண்டுதோறும் 40 சதவீதம் வரை இழக்கப்படுகிறது. பயிர்நோய்களால் மட்டும் ஆண்டுக்கு 22,000 கோடி டொலருக்கு மேல் இழப்பு. இந்தத் தொகையைப் பார்த்துத் திகைப்பதைவிட, அது யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதே முக்கியம். அதைப் பார்க்க இலங்கையின் வரலாறே போதும். இந்தத் தீவின் பொருளாதாரம் ஒரு பூஞ்சையால் திசைமாறிய பொருளாதாரம்.

1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியின் கோப்பித் தோட்டங்களில், இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சையியல் அறிஞர் பெர்க்லி அதை ஆராய்ந்து ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். அன்றைய இலங்கை ஆண்டுக்குச் சுமார் பத்து இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதி செய்த நாடு. உலகச் சந்தையில் முன்வரிசையில் நின்ற நாடு.

இலைத்துரு மரத்தை உடனே கொல்லாது. இலையை உதிர்க்கும், மரம் மறுபடி தளிர்க்கும், மறுபடி உதிரும். ஒவ்வோர் ஆண்டும் காய் குறையும். அடுத்த ஆண்டு சரியாகிவிடும் என்று தோட்டத் துரைமார் நம்புவதற்கு அது இடம் கொடுத்தது. 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. ஏக்கருக்குக் கிடைத்த கோப்பி குறைந்தாலும் கைக்கு வந்த பணம் குறையவில்லை. ஆகவே காட்டை வெட்டி மேலும் மேலும் கோப்பியே நட்டார்கள். நோய் வந்து ஒன்பது ஆண்டு கழிந்த 1878இல் கோப்பி நின்ற நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கர். உயர்ந்த விலை நோயை மறைத்துவிட்டது. எந்தக் காலத்துக்கும் பொருந்தும் எச்சரிக்கை இதில் இருக்கிறது: வரவு குறையவில்லை என்பதை வைத்து வயல் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் அறிவியலாளர் அரசால் அழைக்கப்பட்டு வந்தார். இரண்டு ஆண்டு ஆராய்ந்து, இந்தப் பூஞ்சையின் வித்துகள் காற்றில் பரவி ஈரமான இலையில் முளைக்கின்றன என்று காட்டினார். இடைவெளியே இல்லாமல் மலை மலையாக ஒரே பயிரை நட்டதுதான் நோய்க்குப் பாதை போட்டது என்றும் விளக்கினார். சொன்னது சரி. ஆனால் நோய் தெரிந்து பதினொரு ஆண்டு கழித்துத்தான் அவரை அழைத்திருந்தார்கள். கோப்பியைக் காப்பாற்ற அவரிடம் மருந்து இருக்கவில்லை. 1880களின் இறுதியில் கோப்பி ஏற்றுமதி பழைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

விளைவு தோட்டத்தோடு நிற்கவில்லை. கோப்பித் தோட்டங்களை ஈடாக வைத்துக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவை மூடியது. நாட்டில் அன்று புழங்கிய பணத்தாள்கள் பெரும்பாலும் அந்த வங்கி அச்சிட்டவை. மக்கள் கையிலிருந்த தாள் ஒரே நாளில் வெறும் காகிதமாகிவிடும் நிலை. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசின் பெயரில் அந்தத் தாள்களுக்கு உத்தரவாதம் கொடுத்தார். அதே ஆண்டு சட்டம் இயற்றி, பணத்தாள் வெளியிடும் பொறுப்பை அரசே எடுத்துக்கொண்டது. பணத்தாள் வெளியீடு அரசின் கைக்கு வந்ததற்கு இலையில் படிந்த செம்மஞ்சள் தூள் ஒரு காரணம்.

அந்தத் தோட்டங்களில் காய் பறித்தவர்கள் தமிழர்கள். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். வழியில் காய்ச்சலாலும் பேதியாலும் இறந்தவர்கள் ஏராளம். தோட்டம் நொடித்தபோது பல மாதச் சம்பளம் கிடைக்காமல் போனவர்களும் அவர்களே. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆள் அதிகம் தேவை. பறித்து முடித்தபின் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். கோப்பி விட்ட இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பத்தோடு லயத்தில் தங்கினார்கள். மலையகத் தமிழரின் நிரந்தரக் குடியிருப்பு உருவானதற்குப் பின்னால் ஒரு பயிர்நோயும் இருக்கிறது. துரைமார் பயிரை மாற்றி மறுபடி எழுந்தார்கள். சம்பளம் பறிபோனவர்களுக்கு அதை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது கதை, இந்த நகரத்துப் பெரியவர்களின் நினைவோடு தொடர்புடையது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டன. அதற்கு ஒரு மாதம் முன்னால் ரங்கூன் வீழ்ந்திருந்தது. போருக்கு முன் இலங்கை உண்ட அரிசியில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது. அதில் முக்கியமான பகுதி பர்மா அரிசி. அந்த வழி அடைபட்டதும் இங்கே பங்கீட்டு முறை வந்தது. வங்காளத்துக்கும் பர்மா அரிசி நின்றது.

அதே ஆண்டின் இறுதியில் வங்காள வயல்களில் செம்புள்ளி நோய் கடுமையாகப் பரவியது. இலையிலும் மணியிலும் கபிலநிறப் புள்ளி விழுந்து நெல் பதராகும் பூஞ்சை நோய் அது. ஒக்டோபர் 16ஆம் திகதி வீசிய புயலும் ஓயாத மழையும் மூட்டமும் அதற்குத் துணை. பின்னாளில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பத்மநாபன், சின்சுரா, பங்குரா ஆகிய இரு ஆய்வுப் பண்ணைகளின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். சில நெல் வகைகளின் விளைச்சல் 40 முதல் 90 சதவீதம் வரை விழுந்திருந்ததை 1973இல் எழுதினார். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென், அதைத் தொடர்ந்த வங்காளப் பஞ்சத்தைப் பற்றி 1981இல் வெளியிட்ட ஆய்வில் வேறு பக்கத்தைக் காட்டினார். மொத்த அரிசி இருப்பு அவ்வளவு பயங்கரமாகக் குறையவில்லை. போர்க்கால விலையேற்றத்தில் விவசாயக் கூலிகளுக்கும் மீனவர்களுக்கும் அரிசி வாங்கும் சக்தி போய்விட்டது என்றார்.

இருவரில் யார் சரி என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். சாதாரண மக்களுக்கு இரண்டும் சேர்ந்தே பாடம். நோய் விளைச்சலைக் குறைத்தது. பயமும் பதுக்கலும் ஆட்சியின் அலட்சியமும் விலையை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயின. 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வயலில் விழுந்த புள்ளிக்கும் வீதியில் விழுந்த உடலுக்கும் இடையில் நின்றது சந்தை. அதை நெறிப்படுத்த வேண்டியவர்கள் செய்யவில்லை.

மூன்றாவது கதையில் நோய் நம் பக்கத்திலிருந்து போனது. வாழையின் முடிக்கொத்து நோய் இலங்கையில் 1913இல் பதிவானது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய் அது. புது இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் ஒரே கொத்தாக அடைத்துக்கொள்ளும். அந்த மரம் நல்ல குலை தள்ளாது. 1940 அளவில் அது இலங்கையிலிருந்து கேரளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு தமிழ்நாட்டின் கீழ்ப்பழனி மலைகளில் ஏறியது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உகந்த விருப்பாச்சி வாழை விளைந்த மலை அது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் நின்ற மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. விருப்பாச்சி வாழைக்குப் பின்னாளில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தபோது தோட்டங்களில் பெரும்பகுதி போயிருந்தது. பார்வைக்கு நல்லதாகத் தெரிந்த வாழைக்குட்டியை எந்தச் சோதனையும் இல்லாமல் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுபோனதன் விலை இது.

அதே நோய் அதே 1913இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து எல்லைத் தோட்டங்களிலும் இறங்கியது. அங்கே வந்தது பீஜியிலிருந்து. 1925க்குள் வாழை நின்ற நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கைவிடப்பட்டது. மகீ என்ற இளம் ஆய்வாளர் நோய் பரவும் வழியைக் கண்டுபிடித்தார். அவர் சொன்ன மருந்து எளியது: நோய்பட்ட மரத்தைக் கண்ட உடனே அழிக்க வேண்டும், அனுமதி இல்லாமல் ஒரு கன்றும் இடம் மாறக் கூடாது. அதைச் சட்டமாக்கினார்கள். பரிசோதகர்கள் தோட்டந்தோறும் நடந்தார்கள். ஓர் ஊரில் ஒருவர் ஒத்துழைக்காவிட்டாலும் எல்லோருக்கும் நட்டம் என்பதைத் தோட்டக்காரர்களே ஏற்றுக்கொண்டார்கள். வாழைத் தொழில் மீண்டது. ஒரே வைரஸ். ஒரு பக்கம் மலையே வெறுமையானது. மறுபக்கம் தொழில் எழுந்து நின்றது. வேறுபாட்டை உண்டாக்கியது ஊர் கூடி எடுத்த முடிவு.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் கரையில் வாழ்கிறவர்கள் நீங்கள். இங்கேதான் பிரிமா மாவு ஆலை 1980 முதல் இயங்குகிறது. கோதுமை விளையாத இந்த நாட்டுக்குக் கோதுமை இந்தக் குடாவின் வழியாகக் கப்பல் கப்பலாக வருகிறது. நாட்டின் பாணும் ரொட்டியும் வெகுதூரத்து வயல்களின் நலத்தைச் சார்ந்திருக்கின்றன. அங்கே துருநோய் கடுமையானால் இங்கே பாண் விலை ஏறும்.

தானியக் கப்பல் தானியத்தை மட்டும் கொண்டுவரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2016 பெப்ரவரியில் வங்காளதேசத்தின் எட்டு மாவட்டங்களில் சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமையில் கதிர்கள் வெளுத்து நின்றன. அதுவரை ஆசியாவில் எவரும் கண்டிராத கோதுமைக் குலைநோய் அது. 1985இல் பிரேசிலில் முதலில் தெரிந்து தென்னமெரிக்காவிலேயே இருந்த நோய். மரபணுவைச் சோதித்தபோது பூஞ்சையின் பூர்வீகம் தென்னமெரிக்காதான் என்று தெரிந்தது. இறக்குமதியான தானியத்தோடு வந்திருக்க வேண்டும் என்பதே பலரின் முடிவு. தம்பலகாமத்து நெல்லில் கதிரின் கழுத்தைப் பிடிக்கும் எரிபந்தப் பூஞ்சைக்கு அது மிக நெருங்கிய உறவு.

மேற்கு வங்க அரசு அடுத்த ஆண்டே விழித்துக்கொண்டது. எல்லையோர முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் சந்தேகப்பட்ட கோதுமை வயல்களை எரித்தது. எரித்தவற்றுக்கு இழப்பீடு கொடுத்தது. அந்தப் பகுதிகளில் சில ஆண்டுகள் கோதுமை விதைக்கவே தடை போட்டது. எரிப்பதும் தடை போடுவதும் கமக்காரருக்குக் கசப்பான மருந்து. இழப்பீடு சேர்ந்ததால்தான் அந்த மருந்து உள்ளே இறங்கியது.

ஏற்றுமதியிலும் ஒரு சிறு உயிர் நாட்டையே ஆட்டிவைக்கும். 2017 டிசெம்பரில் இலங்கையிலிருந்து போன தேயிலைப் பொதியொன்றில் கப்ரா வண்டைக் கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அந்த வண்டு தேயிலைச் செடியின் பூச்சியே இல்லை. களஞ்சியத்தில் தானியத்தைத் தின்பது. இருந்தும் முக்கியமான சந்தை ஒன்று அடைபட்டது. இரண்டு வாரத்துக்குள் தடை நீங்கியது. அதே நாட்களில், 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வரவிருந்த கல்நார் இறக்குமதித் தடையை இலங்கை அரசு தள்ளிவைத்தது. ரஷ்யா கல்நார் ஏற்றுமதி செய்யும் பெரிய நாடு. ஒரு வண்டு, வேறெந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பொதுச் சுகாதார முடிவைக்கூட நகர்த்தக்கூடிய பேரம் ஆகிவிட்டது.

2021இல் எதிர்த்திசையில் ஒன்று நடந்தது. இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்த அரசு, சீனாவிலிருந்து சேதனப் பசளை வாங்க ஏற்பாடு செய்தது. மாதிரிகளைச் சோதித்த தேசிய தாவரத் தொற்றுக்காப்புச் சேவை, அவற்றில் எர்வினியா உள்ளிட்ட தீங்கான பக்டீரியாக்கள் இருப்பதாக அறிவித்தது. விற்ற நிறுவனம் மறுத்தது. 20,000 தொன் பசளையோடு வந்த கப்பல் கரையில் இறக்க முடியாமல் இலங்கைக் கடலைச் சுற்றி அலைந்தது. பணத்தைக் கொடுக்கவில்லை என்று சீனத் தூதரகம் இலங்கையின் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. கடைசியில் 2022 ஜனவரியில், இறக்காத பசளைக்காக 67 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டது. டொலர் தட்டுப்பாட்டில் நாடு திணறிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த இழப்பு பெரியது. ஆனாலும் ஆய்வுகூடத்தில் அமர்ந்து, வந்த அழுத்தத்துக்கெல்லாம் அசையாமல் சோதனை முடிவைச் சொன்ன அலுவலர்கள் நன்றிக்குரியவர்கள். கோளாறு ஒப்பந்தத்தில் இருந்தது. சோதனைக்கு முன்பே பணம் பிணைக்கப்பட்டிருந்தது. முதலில் மாதிரி, பிறகு முடிவு, அதன்பிறகே பணம் என்ற வரிசை இருந்திருந்தால் இந்த இழப்பு வந்திராது.

எல்லையில் தடுக்க முடியாத படையும் உண்டு. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2016இல் ஆபிரிக்காவுக்கும் 2018 மே மாதம் கர்நாடகத்துக்கும் வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் இலங்கைச் சோளத்தில் இறங்கியது. சேனாப் புழு என்று ஊரெல்லாம் பேசப்பட்டது அதுதான். அந்துப்பூச்சிக்கு விசா தேவையில்லை. காற்றோடு கடலைத் தாண்டும். அம்பாறை, மொனராகலை, அநுராதபுரம் மாவட்டங்களில் சோளக் குருத்துகள் சல்லடையாயின. சோளம் மனிதர் உண்பது குறைவு. கோழித்தீன் ஆலைகளுக்கே பெரும்பகுதி போகிறது. ஆகவே புழு தின்றது அம்பாறைச் சோளத்தை என்றாலும், அதன் செலவு நகரத்துக் கடையில் முட்டை விலையிலும் கோழி விலையிலும் வந்து ஏறும். கர்நாடகத்தில் புழு வந்த மே மாதத்துக்கும் இங்கே பெரும்போகச் சோளம் விதைக்கும் காலத்துக்கும் இடையில் சில மாதம் இருந்தது. அந்த மாதங்களில் கமக்காரர் கையில் புழுவின் படமும் பொறியும் சேர்ந்திருந்தால் பல வயல் தப்பியிருக்கும்.

மருந்து அடித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்தோனேசியாவின் அனுபவம் பதில். 1970களிலும் 80களிலும் அங்கே அரசு மானியம் கொடுத்துப் பூச்சிமருந்தைத் தாராளமாக அடிக்க வைத்தது. கபிலத் தத்தி, நம் கிழக்கில் அறக்கொட்டியான் என்கிறோமே, அது குறையவில்லை, பெருகியது. தத்தியைத் தின்னும் சிலந்திகளை மருந்து முதலில் கொன்றுவிட்டது. தத்திக்கு எதிரி இல்லாமல் போனது. நெல் வட்ட வட்டமாகக் கருகியது. 1986 நவம்பரில் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடைசெய்து, மானியத்தையும் படிப்படியாக வெட்டி, வயலில் இறங்கிப் பூச்சியை எண்ணிப் பார்க்கக் கமக்காரருக்குப் பயிற்சி கொடுத்தது. விளைச்சல் விழவில்லை. மருந்துக்குப் போன பணம் மிச்சமானது.

நல்ல விதையும் அப்படிப்பட்ட முதலீடுதான். கேரளத்தின் பட்டாம்பி ஆராய்ச்சி நிலையம் காத்துவைத்த பிடிபி 33 என்ற நெல், தத்தியைத் தாங்கும் இயல்பைப் பல நாட்டு நெல்வகைகளுக்குக் கொடுத்திருக்கிறது. நம் பத்தலகொட நிலையத்தில் உருவான பிஜி 379-2 வகையிலும் அதன் இரத்தம் ஓடுகிறது. சந்தையில் யாரும் கேட்காத ஒரு பழைய நெல்லை ஆண்டுதோறும் விதைத்து எடுத்துவைத்த ஊழியர்களின் சம்பளம், அரசுக் கணக்கில் செலவு என்றே எழுதப்பட்டிருக்கும். அது காப்பாற்றிய வயல்களின் பெறுமதியை எந்தப் பேரேட்டிலும் யாரும் எழுதவில்லை.

இத்தனை கதைகளையும் அடுக்கிப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. பயிர்நோயை அடக்குவதற்கு மிக மலிவான காலம் முதல் வாரம். மடுல்சீமையில் அந்த வாரம் போய்விட்டது. கீழ்ப்பழனி மலையில் போய்விட்டது. முர்ஷிதாபாத்தில் பிடித்துக்கொண்டார்கள். நம் நாட்டிலேயே மாத்தறைப் பக்கத்தில் 2006 அளவில் வெலிகம தென்னை இலைவாடல் நோய் தெரிந்தபோது, எல்லை வகுத்து, நோய்பட்ட மரங்களை அடையாளமிட்டு வெட்டி, தென்னங்கன்றுகள் வெளியே போகாமல் தடுத்தார்கள். குருணாகல், புத்தளம், சிலாபம் முக்கோணத்தின் பெரிய தென்னந்தோட்டங்களைக் காப்பதே அந்த எல்லையின் நோக்கம்.

அந்த முதல் வாரத்தில் நோயைக் காண்பவர் யார்? கொழும்பில் இருக்கும் பணிப்பாளர் காணமாட்டார். செய்மதியும் காணாது. விடியற்காலையில் தண்ணீர் பார்க்க வரம்பில் நடக்கும் கமக்காரரும் வட்டவிதானையாரும்தான் காண்பார்கள். அவர்கள் ஏன் உடனே சொல்வதில்லை? சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வயலில் நோய் என்று பேச்சு அடிபட்டால் நெல் வாங்க வருபவர் விலையைக் குறைப்பார். கடன் கொடுத்தவர் நெருக்குவார். அடுத்த வயல்காரர் உன்னால்தான் வந்தது என்பார். அதிகாரி வந்து அழிக்கச் சொன்னால் அழித்ததற்கு எப்போது, எவ்வளவு கிடைக்கும் என்று யாரும் உறுதி கூறுவதில்லை. மௌனமாக இருந்து, அடித்த மருந்தோடு கடவுளையும் கும்பிட்டு, கிடைத்ததை அறுத்து விற்பதே அவருடைய கணக்கில் இலாபம். அவருக்கு இலாபமான அந்த மௌனம் மாவட்டத்துக்குப் பெருநட்டம்.

ஆகவே முதல் சீர்திருத்தம் இங்கேதான் தொடங்க வேண்டும். நோயை முதலில் அறிவித்த கமக்காரர், அறிவித்த காரணத்தால் ஒரு ரூபாயும் இழக்கக் கூடாது. அழிக்கச் சொன்ன பயிருக்கு அதே போகத்துக்குள், அடுத்த விதைப்புக்கு முன் பணம் கைக்கு வர வேண்டும். மூன்று ஆண்டு கழித்து வரும் இழப்பீடு வட்டிக்காரருக்குத்தான் போய்ச் சேரும். வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் நோய் அறிவிக்கப்பட்ட வட்டையின் கடனை ஒரு போகத்துக்கு ஒத்திவைக்கச் சட்டம் வேண்டும். மாதிரியைப் பேராதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் இந்த மாவட்டத்திலேயே சில நாட்களில் முடிவு சொல்லும் ஆய்வுகூடம் வேண்டும். இவற்றுக்குச் செலவாகும். ஒரு போகம் கெட்டபின் அரிசி இறக்குமதிக்குக் கொட்டும் டொலரோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

கமக்கார அமைப்புகளின் கையிலும் வேலை இருக்கிறது. போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியையும் விதைக்கும் திகதியையும் முடிவு செய்கிறீர்கள். அதே கூட்டத்தில் எந்த வட்டையில் எந்த நெல் என்பதையும் பேசுங்கள். வட்டை முழுக்க ஒரே இனத்தை விதைத்தால் ஒரு பூஞ்சைக்கு முழு வட்டையும் வழிவிடும். 1970இல் அமெரிக்காவில் ஒரே மரபுடைய சோளம் நாடெங்கும் நின்றதால் இலைக்கருகல் நோய் ஒரே பருவத்தில் மொத்த விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதத்தைக் கொண்டுபோனது. விஞ்ஞானிகள் நிறைந்த நாட்டுக்கே அந்த நிலை.

வணிகப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறுவடைக்குப் பிந்திய நெல்லில் எரிபந்தம் உண்பவருக்குத் தீங்கு செய்வதில்லை. மணியின் நிறைதான் குறையும். நிறைக்கு ஏற்ற விலை கொடுங்கள். நோய் என்ற பேச்சைக் காட்டி முழு வட்டையின் விலையையும் அடிக்காதீர்கள். அப்படி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த போகத்தில் நோயை மறைக்கும் ஒருவரை நீங்களே உருவாக்குகிறீர்கள்.

மாரி நாட்களில் வாரம் இரு முறையாவது வயலுக்குள் இறங்கி இலையைப் புரட்டிப் பாருங்கள். கண் வடிவப் புள்ளியோ, தூரடியில் தத்தியோ, இதுவரை கண்டிராத வேறேதுமோ தெரிந்தால் அன்றைக்கே உங்கள் விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ சொல்லுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். சொன்னவரை நட்டப்பட விடாமல் காக்கும் பொறுப்பை அமைப்புகளும் அரசும் ஏற்க வேண்டும். வரும் போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாக எழுதி, கையொப்பமிட்டு, மாவட்டச் செயலகத்துக்கு அனுப்புங்கள்.